சனி, ஞாயிறு சம்சாரிகள்

மதுரை மாட்டுத்தாவணி மலர்ச் சந்தையில் மல்லிகை கிலோ 300 ரூபாய்க்கும் விற்கும். தை மாத முகூர்த்த நாளில் 3,000 ரூபாயைத் தொட்டும் விற்கும். வேலைக்குப் போய்க்கொண்டே விவசாயம் செய்ய ஆசைப்படுகிறவர் பெரும்பாலும் இரண்டாவது விலையைத்தான் செய்தியில் படித்திருப்பார். அரை ஏக்கர், இத்தனை செடி, நாளொன்றுக்கு இத்தனை கிலோ என்று மனக்கணக்கு ஓடத் தொடங்கிவிடும். தை மாதத்தில் விலை ஏறுவதே செடியில் பூ இல்லாததால்தான் என்பது அந்தக் கணக்கில் வராது. பனியில் மொட்டுக் கட்டாத நாளில் 3,000. கோடையில் செடி கொள்ளாமல் மொட்டு பிடிக்கும் நாளில் 300. அந்த மொட்டும் வெயில் ஏறுவதற்குள் செடியை விட்டு இறங்கியாக வேண்டும். இன்று பறிக்காமல் விட்டது இரவில் விரிந்துவிடும், நாளைக்கு அதற்கு விலை இல்லை. பூக்கும் பருவம் முழுக்க விடியற்காலையில் ஆள் வைத்துப் பறித்து, சந்தைக்கு அனுப்பி, அதே நாளில் கூலி கொடுத்து முடிக்க வேண்டும். மொட்டுப்புழு விழுந்தால் சனிக்கிழமை வரட்டும் என்று தள்ளிப்போட முடியாது. 2013-இல் புவிசார் குறியீடு பெற்று, ஊரின் பெயரையே தன் பெயரில் சுமக்கும் இந்தப் பூ, ஊருக்குள் வேலைக்குப் போகிறவருக்கு ஆகவே ஆகாத பயிர்.

மாதச் சம்பளக்காரர் விவசாயத்தில் இறங்கும்போது பணம், நிலம், தண்ணீர் என்ற வரிசையில் யோசிக்கிறார். அவரிடம் உண்மையில் பற்றாக்குறையாக இருப்பது நேரம். பணத்தைக் கடன் வாங்கலாம், நிலத்தைக் குத்தகைக்கு எடுக்கலாம், ஆபத்துக்குத் தண்ணீரைக் கூட லாரியில் கொண்டுவந்து ஊற்றலாம். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணியை எங்கேயும் வாங்க முடியாது. ஆகவே விலையைப் பார்த்துப் பயிரைத் தேர்ந்தெடுக்கிறவர் பெரும்பாலும் மூன்றாவது ஆண்டில் கம்பி வேலியோடு நிலத்தை விலை பேசிக்கொண்டிருப்பார். அந்தப் பயிர் எத்தனை தடவை, எந்தெந்த நாளில் ஆள் கேட்கிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கிறவர், வேலையை விடாமலே நல்ல சம்சாரியாக இருக்க முடியும். மதுரைக்குத் தெற்கே விவசாயிக்குச் சம்சாரி என்றுதான் பெயர். குடும்பம் நடத்துகிறவன் என்ற பொருளும் அதற்குள்ளேயே இருக்கிறது. காட்டில் என்ன விளைந்தாலும் விளையாவிட்டாலும் வீட்டில் உலை கொதிக்க வேண்டும் என்ற பொறுப்பு அந்தச் சொல்லோடு சேர்ந்தே வருகிறது.

இதற்கு உடனே வரும் மறுப்பு, விவசாயம் முழுநேர வேலை, அதைப் பொழுதுபோக்காகச் செய்யக் கூடாது என்பது. கேட்கக் கம்பீரமாக இருக்கிறது. ஆனால் முழுநேர விவசாயி என்று நாம் நினைக்கிறவரின் வருமானத்தைத் தேசிய மாதிரி ஆய்வு எண்ணிப் பார்த்திருக்கிறது. 2012-13-இல் இந்தியாவில் ஒரு விவசாயக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 6,426 ரூபாய். அதில் பயிரிலிருந்து வந்தது 3,081, கூலி மற்றும் சம்பளத்திலிருந்து வந்தது 2,071. அடுத்த ஆய்வில், அதாவது 2018-19-இல், வருமானம் 10,218 ரூபாயாக உயர்ந்தது. பயிரின் பங்கு 3,798, கூலி மற்றும் சம்பளத்தின் பங்கு 4,063. ஆறே ஆண்டுகளில் தராசுத் தட்டு மாறிவிட்டது. விவசாயக் குடும்பம் என்று அரசே கணக்கில் எடுத்துக்கொண்ட வீடுகளில்கூட, பயிரைவிட வெளிவேலைதான் அதிகம் சோறு போடுகிறது. மகன் திருப்பூரில் இருக்கிறான், மருமகள் மில்லுக்குப் போகிறாள், அப்பா காட்டில் நிற்கிறார் என்றால் அந்தக் குடும்பம் ஏற்கெனவே பகுதிநேர விவசாயம்தான் செய்கிறது. தமிழ்நாட்டில் ஒரு கைப்பற்று நிலத்தின் சராசரிப் பரப்பு 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி 0.75 ஹெக்டேர், இரண்டு ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. இந்தப் பரப்பில் முழுநேரமாக நின்று ஒரு குடும்பத்தைக் காப்பாற்று என்று சொல்வதுதான் நடைமுறை தெரியாத பேச்சு. உயர் நீதிமன்றக் கிளையிலோ, வங்கியிலோ, இலந்தைக்குளம், வடபழஞ்சி எல்காட் ஐ.டி. வளாகங்களிலோ வேலை பார்ப்பவர் சம்பளத்தோடு விவசாயத்துக்கு வருவது புதிய பழக்கம் அல்ல. வாத்தியார் வேலையும் நாலு ஏக்கர் புஞ்சையும் சேர்ந்தே இருந்த வீடுகள் இந்தப் பக்கத்தில் எந்த ஊரில் இல்லை?

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று பழமொழியாகவே இருக்கிறது: பார்க்காத பயிரும் கேட்காத கடனும் பாழ். இதைத் தட்டிக்கழிக்க முடியாது, ஏனென்றால் அது உண்மை. ஆனால் எல்லாப் பயிருக்கும் பார்வை ஒரே அளவில் தேவைப்படுவதில்லை. மல்லிகை, காய்கறி, கறவை மாடு ஆகியவை தினமும் ஆள் கேட்பவை. இவற்றை ஊரில் குடியிருக்கிறவர்தான் செய்ய முடியும். பால் கறக்க ஆள் வைத்து நகரத்திலிருந்து மேற்பார்வை பார்த்தவர்களின் கதைகள் நன்றாக முடிவதில்லை. நெல்லும் பருத்தியும் மக்காச்சோளமும் தினமும் கேட்பதில்லை. ஆனால் கேட்கிற நாளை அவைதான் தீர்மானிக்கும், நாம் தீர்மானிக்க முடியாது. மக்காச்சோளத்தில் 2018-இல் வந்து இறங்கிய படைப்புழு இதை நன்றாகவே கற்றுக்கொடுத்தது. குருத்துக்குள் புழு போன பிறகு அடிக்கிற மருந்து மண்ணுக்குத்தான் போகும். தென்னை, மா, புளி, எலுமிச்சை போன்ற மரப்பயிர்கள் மூன்றாவது வகை. அவற்றுக்கும் வேலை உண்டு, ஆனால் பெரும்பாலான வேலைகளை இந்த வாரம் முடியாவிட்டால் அடுத்த வாரம் என்று தள்ளலாம். தென்னையில் சுமார் 45 நாளுக்கு ஒருமுறை வெட்டு. அது சனிக்கிழமையில் விழும்படி வைத்துக்கொள்வதை எந்த மரமும் ஆட்சேபிக்காது.

நெல்லைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும், ஏனென்றால் வயல் வாங்குகிறவர்கள் முதலில் நினைப்பது நெல்லைத்தான். மதுரைச் சமவெளியின் நெல், 1895 முதல் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக வரும் பெரியாறு தண்ணீரிலும் 1959-இல் கட்டி முடித்த வைகை அணையிலும் ஓடுகிறது. பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை 45,041 ஏக்கர் இருபோகம். அதற்குக் கீழே மேலூர் பகுதியும் திருமங்கலம் கால்வாயும் சேர்த்து 1,05,002 ஏக்கர் ஒருபோகம். தண்ணீர் திறக்கும் நாளை அணையின் இருப்பும் அரசாணையும் முடிவு செய்கின்றன. 45 நாள் முழுமையாக, பிறகு 75 நாள் முறை வைத்து என்பது அந்த ஆணைகளில் வழக்கமாக வரும் வாசகம். முறை வைத்து என்ற இரண்டு சொல்லில் பகுதிநேர விவசாயியின் தலையெழுத்தே அடங்கியிருக்கிறது. உங்கள் மடைக்குத் தண்ணீர் வரும் முறை இரவு இரண்டு மணியாக இருக்கலாம், மாத முடிவுக் கணக்கு நாளாக இருக்கலாம். அன்று மண்வெட்டியோடு ஆள் நிற்காவிட்டால் தண்ணீர் அடுத்த வயலுக்குப் போய்விடும், சண்டை மட்டும் உங்கள் வயலில் நிற்கும். அறுப்புக்கு மிஷின் வரும் நாளும் அப்படித்தான். மிஷின்காரர் ஊரையே வரிசையாக அறுத்துக்கொண்டு வருவார், உங்கள் விடுப்பு விண்ணப்பத்துக்காகக் காத்திருக்க மாட்டார். அறுத்த நெல்லை நேரடிக் கொள்முதல் நிலையத்தில் போட 17 சதவீத ஈரப்பதத்துக்குள் காய்ந்திருக்க வேண்டும். களத்தில் கொட்டி, மழை வந்தால் தார்ப்பாய் இழுத்து மூடி, முறை வரும்வரை மூட்டைக்குப் பக்கத்தில் படுத்திருப்பதும் விவசாய வேலையில் சேர்த்திதான். எக்செல் அட்டவணையில் இதற்குப் பத்தி கிடையாது.

அட்டவணையில் வருகிற கணக்கையும் பார்த்துவிடலாம். 2025-26 பருவத்துக்கு, மாநிலத்தின் ஊக்கத்தொகையோடு சேர்த்து, சாதாரண ரக நெல்லுக்குக் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய். அதே பருவத்துக்கு மத்திய அரசு கணக்கிட்ட உற்பத்திச் செலவு, கைச்செலவும் குடும்ப உழைப்பும் சேர்த்து, நாடு தழுவிய சராசரியாகக் குவிண்டாலுக்கு 1,579 ரூபாய். ஏக்கருக்கு 24 குவிண்டால் விளைந்ததாக வைத்துக்கொண்டால் வரவு 60,000, செலவு சுமார் 37,900, மிச்சம் 22,100 ரூபாய். நம் ஊர்க் கூலிக்கும், வீட்டு ஆள் இறங்காமல் ஒவ்வொரு வேலைக்கும் ஆள் வைக்கும் பழக்கத்துக்கும் மிச்சம் இதைவிடக் குறையும். இப்போது அந்த ஏக்கரை 20 லட்சம் கொடுத்து வாங்கியதாக வைத்துக்கொள்ளுங்கள். அதே பணம் வங்கியில் 7 சதவீத வட்டிக்குக் கிடந்தால் ஆண்டுக்கு 1,40,000 ரூபாய். ஆறு போகத்துக்கும் மேல் நெல் வெற்றிகரமாக விளைந்தால்தான் ஓராண்டு வட்டிக்குச் சமமாகும். நிலத்தின் விலை விளைச்சலைப் பார்த்து நிர்ணயமாவது மதுரையைச் சுற்றி நின்றுபோய் நெடுநாளாகிறது. சுற்றுச்சாலையும் மனைப்பிரிவும்தான் அதை நிர்ணயிக்கின்றன. ஆகவே விவசாயம் தொடங்க நிலம் வாங்குவது என்பதே தலைகீழான வரிசை. சொத்தாக வாங்குகிறேன் என்றால் சொத்தாக வாங்குங்கள், அதில் தப்பில்லை. அதை விவசாயக் கனவு என்று சொல்லி உங்களையே ஏமாற்றிக்கொள்ள வேண்டாம்.

முதல் இரண்டு ஆண்டு குத்தகைதான் சரி. ஓர் ஏக்கர், அதுவும் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேரும் தூரத்தில். இதிலும் சிக்கல் உண்டு. 1955-ஆம் ஆண்டின் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், உழுகிறவனை நிலத்தைவிட்டு நினைத்த நேரத்தில் வெளியேற்றக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் வந்தது. எழுதிக் கொடுத்தால் நிலம் போய்விடும் என்ற பயம் அதன் நிழலாக இன்றுவரை நில உரிமையாளர்களிடம் தங்கிவிட்டது. எனவே குத்தகை பெரும்பாலும் வாய்ப்பேச்சுதான். கிராமத்துப் பயிர்க் கணக்கான அடங்கலில் பெயர் ஏறாது. பெயர் ஏறாவிட்டால் பயிர்க் கடனும் காப்பீடும் நெல்லை அரசுக்கு விற்பதும் உரிமையாளரின் தயவில்தான் நடக்கும். சம்பளக்காரருக்குக் கடன் தேவைப்படாமல் போகலாம். ஆனால் இந்த வாய்ப்பேச்சுக் குத்தகை எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்று ஒரு பருவம் அனுபவித்துப் பார்ப்பது நல்லது. அதே நூலில்தான் பக்கத்து வயல்காரர் ஆயுள் முழுக்கத் தொங்கிக்கொண்டிருக்கிறார்.

சம்பளம் இருப்பது விவசாயத்தில் பலமா பலவீனமா என்று கேட்டால், பலவீனம் நேரத்தில் மட்டும்தான். காத்திருப்பதில் அது பெரும் பலம். நெட்டைத் தென்னை காய்க்க ஐந்து முதல் ஏழு ஆண்டு ஆகும். 25 அடிக்கு ஒன்று வைத்தால் ஏக்கருக்கு 70 கன்று. அந்த எழுபதும் காய்க்கும்வரை தண்ணீரும் எருவும் கேட்குமே தவிர ஒரு ரூபாய் தராது. இரண்டு ஏக்கரை மட்டும் நம்பியிருக்கும் குடும்பத்தால் அந்த ஆண்டுகளைக் கடக்க முடியாது, அதனால்தான் அவர்கள் நஷ்டம் என்று தெரிந்தும் நூறு நாளில் காசாகும் பயிரையே திரும்பத் திரும்ப வைக்கிறார்கள். முப்பத்தைந்து வயதில் கன்று ஊன்றும் வங்கி ஊழியர், ஓய்வு பெறும் முன்பே நல்ல காய்ப்பில் இருக்கும் தோப்பைப் பார்ப்பார். மண்ணைத் தேற்றுவதும் இப்படிக் காத்திருக்கும் வேலைதான். கண்மாய் வண்டலை விவசாய நிலத்துக்கு இலவசமாக எடுத்துக்கொள்ள 2017 முதல் அரசு அனுமதிக்கிறது. 2024 முதல் அந்த அனுமதியை வட்டாட்சியர் அளவிலேயே வாங்கலாம். வண்டல் அடிப்பதும், சணப்பு, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுவதும் அந்தப் பருவத்துக்கு லாபம் காட்டாது. லாபம் காட்டாத வேலையைச் செய்ய வசதி இருக்கிறவர்தான் அதைச் செய்ய வேண்டும். தென்னைக்கும் ஆபத்து இல்லாமல் இல்லை. 2016-க்குப் பிறகு பரவிய சுருள் வெள்ளை ஈயும், ஆழ்துளைக் கிணறு வற்றும் கோடையும் அலங்காநல்லூர், வாடிப்பட்டித் தோப்புகளில் காய்ப்பைக் குறைத்துக் காட்டியிருக்கின்றன. ஆனாலும் இவை மெதுவாக வரும் ஆபத்துகள். வாரம் ஒருமுறை பார்க்கிற கண்ணுக்குத் தப்பாது.

தண்ணீரே இல்லாத நிலத்தை இளக்காரமாக நினைக்க வேண்டாம் என்றும் சொல்ல வேண்டும். பேரையூர், தே.கல்லுப்பட்டிப் பக்கம் கரிசலில் மானாவாரியாக விளையும் குதிரைவாலி பகுதிநேரக்காரருக்கு ஏற்ற பயிர். வடகிழக்குப் பருவமழையை ஒட்டி விதைத்தால் நூறு நாளுக்குள் அறுப்பு. முறைத்தண்ணீர்ச் சண்டையும் மோட்டார் கவலையும் இல்லை. ஒத்தக்கடையில் 1965 முதல் இயங்கும் வேளாண்மைக் கல்லூரியே மதுரை 1 என்ற குதிரைவாலி ரகத்தை வெளியிட்டிருக்கிறது. ஏக்கருக்குப் பெரிய தொகை கிடைக்காது. ஆனால் முதல் ஆண்டில் தோற்றாலும் சின்னதாகத் தோற்கலாம், பருவத்தையும் மண்ணையும் ஆட்களையும் படித்துவிடலாம். மயிலும் பன்றியும் எந்த நேரத்தில் இறங்கும் என்பதையும் கூடவே படித்துவிடலாம், அதைக் கல்லூரியில் சொல்லித்தர மாட்டார்கள்.

இன்னொரு மறுப்பு இருக்கிறது, அதில் கோபமும் கலந்திருக்கிறது. நகரத்துச் சம்பளம் கிராமத்து நிலத்தின் விலையை ஏற்றுகிறது, உழுகிறவன் உழ இடமில்லாமல் போகிறான் என்பது அது. பாதி உண்மை. விவசாயி அல்லாதவர் நிலம் வாங்கக் கூடாது என்ற தடை கர்நாடகத்தில் 2020 வரை ஏதோ ஒரு வடிவில் இருந்தது; தமிழ்நாட்டில் அப்படி ஒன்று இல்லை, யாரும் வாங்கலாம். வாங்கி வேலி போட்டு, சீமைக்கருவேலம் வளர விட்டு, விலை ஏறட்டும் என்று காத்திருக்கிறவர்மேல் அந்தக் கோபம் நியாயம். ஆனால் சாகுபடி செய்யும் சம்பளக்காரர் உள்ளூர்க்காரர் ஒருவர் இல்லாமல் ஒரு பருவமும் ஓட்ட முடியாது, அவருக்கு என்ன இடம் கொடுக்கிறார் என்பதில்தான் இந்தக் கேள்விக்கான பதில் இருக்கிறது. காவலுக்கு ஆள் என்று மாதம் ஒரு தொகை கொடுத்தால் அவர் காவல்தான் காப்பார். புழு விழுந்ததைச் சொல்ல ஞாயிற்றுக்கிழமை வரை பொறுத்திருப்பார். விளைச்சலில் பங்கு என்றால் அன்று மாலையே போன் வரும். வாரம் என்று நம் ஊரில் பழைய ஏற்பாடு ஒன்று இருக்கிறது. செலவு ஒருவர், உழைப்பு ஒருவர், விளைந்ததில் பங்கு இருவருக்கும். அதைக் கொஞ்சம் நியாயமாக்கி, நஷ்டம் முழுவதையும் சம்பளக்காரர் ஏற்றுக்கொண்டு, லாபத்தில் பாதியை உள்ளூர்க்காரருக்குக் கொடுத்தால் நிலமும் பாழாகாது, உழுகிறவனும் வெளியேற மாட்டான். பாதி கொடுப்பது அதிகம் என்று தோன்றுகிறவருக்கு ஒரு கணக்கு: அந்தப் பயிரைப் பார்க்கும் ஏழு நாளில் ஐந்து நாள் உள்ளூர்க்காரருடையது.

வரிக்காக விவசாயம் என்று வருகிறவர்களும் உண்டு. விவசாய வருமானத்துக்கு வருமான வரி இல்லை என்பது சரி; ஆனால் அது ஆண்டுக்கு 5,000 ரூபாயைத் தாண்டினால் சம்பளத்தின் மீதான வரி விகிதத்தைக் கணக்கிடும்போது அதையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். பால் விற்ற பணம் விவசாய வருமானமே அல்ல. பி.எம். கிசான் திட்டத்தின் ஆண்டுக்கு 6,000 ரூபாயும் வருமான வரி கட்டுகிறவருக்குக் கிடையாது, அது நியாயமும்கூட. சலுகைகளின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு விவசாயத்தைத் தொடங்குகிறவர்களைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

சம்பளத்தோடு விவசாயம் ஒரு நாட்டின் வழக்கமாகவே ஆனால் என்ன நடக்கும் என்பதற்கு ஜப்பான் இருக்கிறது. போருக்குப் பிந்தைய நிலச் சீர்திருத்தத்தில் சிறு நிலம் பெற்ற குடும்பங்கள், 1960-களிலிருந்து தொழிற்சாலைக்கும் அலுவலகத்துக்கும் போய்க்கொண்டே நெல் பயிரிட்டன. நடவு மிஷின், அறுவடை மிஷின், கூட்டுறவுச் சங்கம், அரசு தாங்கிப் பிடித்த அரிசி விலை ஆகிய நான்கும் சேர்ந்துதான் அதைச் சாத்தியமாக்கின. அதற்கு ஒரு விலையும் இருந்தது: நிலத்தை யாரும் விடவில்லை, இளைஞர் யாரும் உள்ளே வரவில்லை. 2020 கணக்கெடுப்பில் அங்கே விவசாயத்தையே முதன்மை வேலையாகக் கொண்டவர்களின் சராசரி வயது 67.8. பகுதிநேர விவசாயம் ஒரு தலைமுறைக்கு நன்றாகவே ஓடும். அடுத்த கைக்கு மாற்றும் ஏற்பாடு இல்லாவிட்டால் அதோடு நின்றுவிடும் என்று இதைப் படிக்கலாம். உள்ளூர்ப் பங்காளி வேண்டும் என்று மேலே சொன்னதற்கு இது இரண்டாவது காரணம்.

போனில் மோட்டாரைப் போட்டு நிறுத்தும் கருவிக்கு அரசு மானியம் இருக்கிறது, உழவன் செயலி இருக்கிறது, சொட்டுநீருக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு முழு மானியமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் இருக்கிறது. வேலைக்குப் போகிறவருக்கு இவை உதவும், மறுக்கவில்லை. ஆனால் மோட்டார் ஓடுகிறது என்று போன் சொல்லும். குழாய் உடைந்து தண்ணீர் பக்கத்து ஓடையில் ஓடுவதைச் சொல்லாது. விற்பதற்கும் இதே கதைதான். உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று முதலில் தொடங்கியது மதுரை அண்ணா நகரில்தான். இடைத்தரகர் இல்லாமல் விற்க அதைவிட நல்ல இடம் இல்லை. அங்கே அடையாள அட்டையோடு விடியற்காலையில் விவசாயக் குடும்பம் நிற்க வேண்டும், பயோமெட்ரிக் வருகைப் பதிவுக்கு ஒன்பது மணிக்கு அலுவலகத்தில் நிற்க வேண்டியவர் அல்ல. சந்தைக்கும் பங்காளிதான் போவார் என்றால் அந்தப் பணம் அவர் கையில் முதலில் வருவதைத் தாங்கும் மனமும் வேண்டும்.

நிலம் பார்க்கக் கிளம்புகிறவர்கள் மார்கழியில் கிளம்ப வேண்டாம். அப்போது கண்மாய் நிறைந்திருக்கும், வரப்பெல்லாம் பச்சையாக இருக்கும், தரகர் சொல்வதெல்லாம் உண்மையாகத் தெரியும். சித்திரையில், அழகர் ஆற்றில் இறங்கி மலைக்குத் திரும்பிய பிறகு, ஒரு வேலை நாளில் விடுப்பு எடுத்துக்கொண்டு போங்கள். கிணற்றை எட்டிப் பாருங்கள். மோட்டார் ஒரே மூச்சில் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று தரகரிடம் கேட்காதீர்கள், பக்கத்துக் காட்டுக்காரரிடம் கேளுங்கள். அப்படியே, வாரத்தில் ஐந்து நாள் இந்தக் காட்டைப் பார்த்துக்கொள்ள முடியுமா, பங்கு என்ன வேண்டும் என்பதையும் அவரிடமே கேட்டுவிட்டு வாருங்கள்.